பிரான்சிஸ் ஹார்ப்பரைக் காதால் படிப்பது எப்படி

பிரான்சிஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் என்று தேடினால் முதலில் கிடைப்பது ஒரு பட்டியல்தான். 1825இல் பிறந்தார், 1911இல் இறந்தார், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர், அடிமை ஒழிப்புப் பேச்சாளர், பெண்ணுரிமைக்காரர், மதுவிலக்குக்காரர், நாவலாசிரியர். இதைப் படித்துவிட்டு நேராகக் கவிதைகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பத்துப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் நிறுத்தினேன். நவீன கவிதை படித்துப் பழகிய கண்ணுக்கு அவர் வரிகள் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிற மாதிரி, கொஞ்சம் தட்டையாகக்கூடத் தெரிந்தன.

அப்புறம் ஒரு நாள் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தோழி அவருடைய ஒரு கவிதையை எழுந்து நின்று வாசித்தார். புத்தகம் என்னிடம் இல்லை, கேட்க மட்டும்தான் முடிந்தது. இரண்டாவது பத்தியிலேயே அறை அமைதியாகிவிட்டது. கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த அதே வரிகள், காதுக்கு வரும்போது ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தன. ஹார்ப்பர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மேடையில் கழித்தவர், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் நிறைந்த கூட்டங்களிலும் பேசியவர். அவர் கவிதைகள் உரைக்கு நடுவிலும் முடிவிலும் சொல்லப்பட்டவை, ஒரே ஒரு முறை கேட்டாலே புரிய வேண்டியவை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேண்டியது ஒரு நோட்டு, இணையம், சத்தம் போட்டுப் படிக்க ஓர் இடம். அவருடைய நூல்கள் காப்புரிமைக் காலம் கடந்தவை, குட்டன்பர்க் திட்டத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன.

பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள், 1866இலிருந்து தொடங்குங்கள்

முதலில் படிக்க வேண்டியது ஓர் உரை. 1866 மே மாதம் நியூயார்க்கில் தேசியப் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் ஆன்டனி, லூக்ரிஷியா மாட் போன்ற பெண்ணுரிமைத் தலைவர்கள் இருந்த அந்த மேடையில் ஹார்ப்பர் பேசிய உரை இன்று 'வீ ஆர் ஆல் பவுண்ட் அப் டுகெதர்' என்ற தலைப்பில் கிடைக்கிறது. நாம் எல்லோரும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறோம் என்பது அதன் பொருள். சில பக்கங்கள்தான், ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

இதிலிருந்து ஏன் தொடங்கச் சொல்கிறேன் என்றால், அவர் தன்னைப் பற்றிப் பேசிய இடங்கள் மிகக் குறைவு, அதில் இது மிகக் கூர்மையானது. அவருடைய கணவர் ஃபென்டன் ஹார்ப்பர் 1864 மே மாதம் திடீரென்று இறந்துபோனார். கையில் ஒரு மகள், கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள், ஆக நான்கு பேர். கணவர் கடன் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒஹாயோவில் கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில் அவர்கள் வாழ்ந்த பண்ணையை வாங்க, மேடையில் பேசிப் பேசிச் சேர்த்த தன் பணத்தைப் போட்டவர் ஹார்ப்பர். அங்கே வெண்ணெய் எடுத்துக் கொலம்பஸ் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கணவர் புதைக்கப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, சொத்தை நிர்வகிக்க வந்தவர் பால் பானைகளையும் துணி துவைக்கும் தொட்டிகளையும்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் விட்டுப்போனது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. தான் இறந்து கணவர் உயிரோடு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மேடையிலேயே கேட்கிறார்: இந்நேரம் அவருக்கு வேறு மனைவி வந்திருப்பாள், யாரும் வீட்டுக்குள் புகுந்து அவருடைய படுக்கையை விற்றிருக்க மாட்டார்கள், பிழைப்பைப் பறித்திருக்க மாட்டார்கள்.

இதுவரை அந்த மாநாட்டில் இருந்த வெள்ளைப் பெண்கள் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். அங்கேதான் உரை திரும்புகிறது. நீங்கள் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் எனக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்கிறார். பிலடெல்பியா டிராமில் கறுப்பினப் பெண்ணுக்கு உட்கார இடமில்லை என்பதைச் சொல்கிறார். அடிமைகளை மீட்டுக் கொண்டுவந்த ஹாரியட் டப்மனைத் தான் கடைசியாகப் பார்த்தபோது அவருடைய கைகள் வீங்கியிருந்ததைச் சொல்கிறார். இருக்கையை விட்டு எழுப்பப் பார்த்த கண்டக்டரோடு நடந்த மோதலில் வீங்கிய கைகள் அவை. வெள்ளைப் பெண்கள் எல்லாரும் வானத்திலிருந்து இறங்கிய பனித்துளிகள் என்று தான் நம்பவில்லை, ஆண்களைப் போலவே அவர்களிலும் நல்லவர்கள், கெட்டவர்கள், எதைப் பற்றியும் கவலைப்படாதவர்கள் என்று மூன்று வகை உண்டு என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார். இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அடுத்தவர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே பேச்சை அவர்கள் பக்கம் திருப்புகிற அந்த நேர்த்தி காதில் விழும். கவிதைகளிலும் அவர் இதையேதான் செய்கிறார்.

நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்

உரையைப் படித்த பிறகு வாழ்க்கைக் கதைக்கு வரலாம். ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் ஆண்டு, நடுவில் அவர் எங்கே இருந்தார், மூன்றாவதில் அந்த ஆண்டு எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. மூன்றாவது பத்தியை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் இந்த வாழ்க்கையே புரியாது.

பால்டிமோரில் 1825இல் பிறந்தார். மேரிலாந்து அடிமை மாநிலம், ஆனால் அவர் பெற்றோர் அடிமைகள் அல்ல, சுதந்திரமான கறுப்பினத்தவர். மூன்று வயதில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மாமா வில்லியம் வாட்கின்ஸ் வீட்டில் வளர்ந்தார். அந்த மாமா மதபோதகர், அடிமை ஒழிப்புக்காரர், கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சொந்தமாகப் பள்ளி நடத்தியவர், அந்தப் பள்ளியில்தான் படிப்பு. பதின்மூன்று பதினான்கு வயதில் படிப்பு நின்று வேலைக்குப் போனார். போன வீட்டுக்காரர் புத்தகக் கடை வைத்திருந்தார். தையல் வேலை, குழந்தை பார்க்கும் வேலை, மிச்ச நேரத்தில் அந்தப் புத்தகங்கள். இருபது வயதை ஒட்டி 'ஃபாரஸ்ட் லீவ்ஸ்' என்ற சிறு கவிதைத் தொகுப்பு வந்தது. அதன் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்று நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் எழுதிவந்தார்கள். பால்டிமோரின் ஒரு வரலாற்றுக் காப்பகத்திலேயே அது இருந்தது, ஓர் ஆய்வு மாணவி தேடி எடுத்தார், 2015இல் விவரம் வெளியானது. அதனால் பழைய நூல்களில் "தொலைந்துபோன முதல் தொகுப்பு" என்று பார்த்தால் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.

1850இல் ஒஹாயோவுக்குப் போய்த் தையல் ஆசிரியையானார். பிறகு பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊரில் 53 பிள்ளைகளை மேய்க்கும் வேலை. வேலையை விட்டுவிட்டுத் தையலுக்கே திரும்பிவிடலாமா என்று ஒரு நண்பருக்கு எழுதிக் கேட்கும் அளவுக்குச் சோர்ந்துபோயிருந்தார். இந்த இடத்தில் உங்கள் மூன்றாவது பத்தியில் இரண்டு சட்டங்களை எழுதுங்கள். 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம், தப்பி வந்த அடிமை என்று சொல்லி நாடு முழுக்கக் கறுப்பினத்தவரைப் பிடித்துத் தெற்கே அனுப்ப வழி செய்தது. இரண்டாவது மேரிலாந்தின் சட்டம்: வடக்கிலிருந்து உள்ளே வரும் சுதந்திரமான கறுப்பினத்தவரையும் பிடித்து அடிமையாக விற்கலாம். ஆக அவரால் பிறந்த ஊருக்குத் திரும்பவே முடியாது. அந்தச் சட்டத்தை மீறி உள்ளே போன ஒருவர் ஜார்ஜியாவுக்கு விற்கப்பட்டார், தப்பித்தார், மறுபடி பிடிபட்டார், இறந்துபோனார். அந்தக் கல்லறையின் மேல் அடிமை ஒழிப்புக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததாக ஹார்ப்பர் ஒரு கடிதத்தில் சொல்கிறார்.

அந்தக் கடிதம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் தன்வரலாறு எழுதவில்லை. பிலடெல்பியாவில் தப்பி வந்த அடிமைகளுக்கு உதவிய வில்லியம் ஸ்டில் அவருடைய நெருங்கிய நண்பர். 1872இல் ஸ்டில் வெளியிட்ட 'தி அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட்' என்ற பெரிய நூலின் பின்பகுதியில் ஹார்ப்பரைப் பற்றி ஒரு நீண்ட பகுதி இருக்கிறது, அவர் எழுதிய கடிதங்களோடு. எந்த வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் அதன் வேர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். சுருக்கங்களை விட்டுவிட்டு நேராக அங்கேயே போய்ப் படியுங்கள். அவர் குரல் கேட்கும். உதாரணமாக, உரை முடிந்ததும் கூட்டத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறார்: சிலர் இவர் ஆண் என்கிறார்களாம், சிலர் கறுப்பினப் பெண்ணே இல்லை, சாயம் பூசியிருக்கிறார் என்கிறார்களாம். கறுப்பினப் பெண் ஒருத்தி கையில் எழுத்துப் பிரதி இல்லாமல் மணிக்கணக்கில் இப்படிப் பேசுவாள் என்று நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

தேடும்போது பெயரில் கவனம். 1860 நவம்பரில்தான் அவர் ஹார்ப்பர் ஆனார். அதற்கு முன் வந்த எல்லாமே பிரான்சிஸ் எலன் வாட்கின்ஸ் என்ற பெயரில் இருக்கும், பழைய செய்தித்தாள்களில் மிஸ் வாட்கின்ஸ். பிறகு வந்தவற்றில் மிசஸ் எஃப். இ. டபிள்யூ. ஹார்ப்பர். மூன்று வடிவத்திலும் தேடினால்தான் முழுதாகக் கிடைக்கும். இன்னொரு குழப்பம்: அடிமை முறையை ஒழிக்க ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன் 1859 அக்டோபரில் தாக்கிய ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊருக்கும் இவர் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அப்போது இவர் இன்னும் வாட்கின்ஸ்தான். ஆனால் ஜான் பிரவுனோடு உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அவர் தூக்குக்குக் காத்திருந்த நாட்களில் சிறையிலிருந்த அவருக்கு ஹார்ப்பர் கடிதம் எழுதினார், அவர் மனைவி மேரிக்கும் எழுதினார், பிலடெல்பியாவில் ஸ்டில் வீட்டில் அந்த அம்மாவோடு கூடவே இருந்தார்.

வாய்விட்டுப் படிக்கும் முறை

இப்போது கவிதைகள். 1854இல் 'போயம்ஸ் ஆன் மிசலேனியஸ் சப்ஜெக்ட்ஸ்' பாஸ்டனில் வெளியானது, அடிமை ஒழிப்புத் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசன் முன்னுரை எழுதினார், சில வருடங்களிலேயே பத்தாயிரம் பிரதிகளைத் தாண்டி விற்றது. அதே 1854இல்தான் நியூ பெட்ஃபோர்டில் முதல் பொது உரை, உடனே மேய்ன் மாநில அடிமை ஒழிப்புச் சங்கம் அவரைப் பேச்சாளராக வேலைக்கு வைத்துக்கொண்டது. அந்த இலையுதிர் காலத்தில் ஏறக்குறைய ஆறு வாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உரைகள். புத்தகமும் பயணமும் ஒரே ஆண்டில் தொடங்கியதைக் கவனியுங்கள். கூட்டத்தில் கேட்டவர்கள்தான் புத்தகத்தையும் வாங்கினார்கள்.

முதலில் 'தி ஸ்லேவ் மதர்' எடுங்கள். அந்தக் கதறல் உங்களுக்குக் கேட்டதா என்ற கேள்வியோடுதான் கவிதையே தொடங்குகிறது. கண்ணால் படித்தால் அது ஒரு சாதாரணத் தொடக்கம். ஆனால் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு சர்ச்சில், முன்னால் நிற்கும் ஒரு பெண் உங்களைப் பார்த்து அதைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கேட்கிறவர் சாட்சியாக மாறிவிடுகிறார், இனி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. இந்தக் கவிதையை மூன்று முறை படியுங்கள். முதல் முறை உங்களுக்காக, மெதுவாக. இரண்டாவது முறை எழுந்து நின்று, அறையின் கடைசிச் சுவர் வரை கேட்கும்படி. மூன்றாவது முறை எதிரே ஒருவரை உட்கார வைத்து. மூன்றாவது முறையில் எங்கே தானாக நிறுத்துகிறீர்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும் இடங்களையும் கேட்பவர் உள்வாங்கும் இடங்களையும் அவர் எப்படிப் பொருத்தியிருக்கிறார் என்று தெரியும்.

அடுத்தது 1858இல் வந்த 'பரி மீ இன் எ ஃப்ரீ லேண்ட்'. என்னை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், சமவெளியிலோ குன்றிலோ எளியவர்கள் கல்லறைகளுக்கு நடுவிலோ, ஆனால் மனிதர்கள் அடிமைகளாக இருக்கும் மண்ணில் மட்டும் வேண்டாம் என்பதுதான் கவிதை. முப்பத்து மூன்று வயதுப் பெண் எழுதியது. அடுத்தடுத்த வரிகள் இரண்டிரண்டாக இயைந்து முடிகின்றன. நடுவில் வரும் பத்திகளில் தான் கல்லறைக்குள் படுத்திருப்பதாகவே வைத்துக்கொண்டு காதில் விழும் ஓசைகளை அடுக்குகிறார்: சங்கிலி கட்டிய கூட்டம் நடக்கும் ஓசை, தாயின் கதறல், சாட்டை, வேட்டை நாய்களின் குரைப்பு. செத்துப் படுத்திருப்பவருக்கும் கேட்கிற ஓசைகள், அதனால்தான் அவருக்கு அங்கே தூக்கம் வராது. இந்தக் கவிதையைக் காதால் படிக்கச் சொல்வதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டு அருங்காட்சியகத்தின் சுவரில் இதன் வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு முறை மெல்லிய குரலில் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, 'லேர்னிங் டு ரீட்'. இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். போருக்குப் பிறகு, 1867 முதல் 1871 வரை, ஹார்ப்பர் தென் மாநிலங்களில் பயணம் செய்தார். புதிதாக விடுதலை பெற்றவர்களின் குடிசைகளில் தங்கினார், பள்ளிகளிலும் சர்ச்சுகளிலும் பேசினார், பெண்களை மட்டும் கூட்டித் தனியாகப் பேசினார், அதற்குக் காசு வாங்கவில்லை. விதவைப் பெண் ஒருத்தி அந்தக் காலத்தில் அந்த ஊர்களில் பயணம் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தக் கடிதங்களைப் படித்தால் தெரியும். அங்கே கேட்ட பேச்சிலிருந்து பிறந்ததுதான் 1872இன் 'ஸ்கெட்சஸ் ஆஃப் சதர்ன் லைஃப்', அதில் பேசுகிறவர் குளோயி அத்தை என்ற வயதான பெண்.

அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தென் மாநிலங்கள் பலவும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. அந்தக் காலத்தில் திருட்டுத்தனமாக எப்படிப் படித்தார்கள் என்று குளோயி அத்தை சொல்கிறார். கால்ட்வெல் என்ற பெரியவர் புத்தகத்தின் தாள்களில் கொழுப்பைத் தடவித் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார். எஜமான் பார்த்தாலும் அது எண்ணெய்க் காகிதமாகத்தான் தெரியும். பென் என்பவர் பிள்ளைகள் எழுத்துக்கூட்டுவதைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டார். பிறகு வடக்கிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள், குளோயி அத்தைக்குப் படிக்க ஆசை, எல்லோரும் காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். அறுபதை நெருங்கிவிட்டேன், அதனால்தான் காத்திருக்க நேரமில்லை என்கிறார் அவர். ஒரு மூக்குக்கண்ணாடி வாங்குகிறார், பைபிள் படிக்கும் வரை விடவில்லை, கடைசியில் தனக்கென்று ஒரு சின்ன வீடு, சிம்மாசனத்தில் இருக்கும் ராணி மாதிரி. இந்தக் கவிதையைப் படிக்கும்போது சோகக் குரல் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஒரு பாட்டியின் குறும்போடு படியுங்கள். இரண்டாவது வரியும் நான்காவது வரியும் இயைந்து முடியும், அந்த முடிவுகளில் லேசாக அழுத்தினால் போதும், சிரிப்பு தானாக வரும்.

கடினமான ஆண்டு 1869

இந்த ஆண்டை அவசரமாகத் தாண்டாதீர்கள். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் அமெரிக்க அரசமைப்பின் பதினைந்தாவது திருத்தத்தில் பெண்கள் இல்லை. ஸ்டான்டனும் ஆன்டனியும் அதை எதிர்த்தார்கள், ஸ்டான்டன் கறுப்பின, குடியேறிய ஆண்களை இழிவாகச் சொல்லவும் தயங்கவில்லை. அடிமையாகப் பிறந்து தப்பித்து அடிமை ஒழிப்புத் தலைவரான பிரெடரிக் டக்ளஸ் ஆதரித்தார், கறுப்பினத்தவரின் தலைக்கே ஆபத்து, இது உயிர்ப் பிரச்சினை என்றார். ஹார்ப்பர் டக்ளஸ் பக்கம் நின்றார். இனம், பெண் என்ற இரண்டில் ஒன்றைத்தான் இப்போது பெற முடியும் என்றால் இனத்தின் கேள்வி முன்னே போகட்டும் என்று சொன்னார். இவர்கள் எல்லோரும் சேர்ந்திருந்த சம உரிமை அமைப்பு உடைந்தது, திருத்தத்தை ஆதரித்த பெண்ணுரிமைக்காரர் லூசி ஸ்டோன் பக்கத்துச் சங்கத்தோடு ஹார்ப்பர் போனார்.

இதைப் படித்து அவர் பெண்ணுரிமையை விட்டுக்கொடுத்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலில் படித்த 1866 உரைக்குத் திரும்பிப் போய், பால் பானை பகுதியையும் டப்மனின் வீங்கிய கை பகுதியையும் அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டு அடியையும் ஒரே உடம்பில் வாங்கியவர் அவர். தேர்ந்தெடுக்கச் சொன்னவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பிறகு 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி நடந்த பெண்கள் மாநாட்டில், அறுபத்தேழு வயதில், பெண்களின் அரசியல் எதிர்காலம் பற்றி அவர் பேசினார். 1896இல் உருவான தேசியக் கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை தந்த திருத்தம் 1920இல்தான் வந்தது, அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து.

மதுவிலக்கு வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தில் கறுப்பினத்தவர் மத்தியிலான பணிக்கு 1880களில் பொறுப்பாக இருந்தார். இன்றைய வாசகர்களுக்கு இந்தப் பகுதி அலுப்பாக இருக்கலாம், ஆனால் மனைவிக்குச் சொத்து இல்லாத காலத்தில் கணவன் குடித்தால் அந்த வீட்டில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் எதுவும் மிஞ்சாது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

உரைநடைக்கு வரும்போது

முதலில் 'தி டூ ஆஃபர்ஸ்', 1859இல் வந்த சிறுகதை. அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் அச்சில் வெளியிட்ட முதல் சிறுகதை என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு வரன்களில் யாரைக் கட்டுவது என்று யோசிக்கும் லாரா, கல்யாணமே செய்யாமல் எழுத்தோடும் அடிமை ஒழிப்போடும் வாழும் ஜேனெட். கல்யாணம் ஆகாதவளாக இருக்கும்போது ஹார்ப்பர் எழுதியது இது. முதலில் படித்த 1866 உரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் 1892இன் 'ஐயோலா லெராய்' நாவல். வெள்ளைக்காரப் பெண்ணாகவே வளர்க்கப்பட்ட ஐயோலா, அப்பா இறந்ததும் தன் அம்மா அடிமையாக இருந்தவர் என்பதை அறிந்து, தானும் அடிமையாக்கப்படுகிறாள். ஒரு வெள்ளை மருத்துவர் மணக்கக் கேட்கும்போது தன் இனத்தை மறைத்து வாழ மாட்டேன் என்று மறுத்துவிடுகிறாள். நடுவில் நீளமான விவாதங்கள் வரும், சோர்ந்துவிடாதீர்கள், முதல் அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அடிமைகள் சந்தையில் சந்தித்துப் பேசிக்கொள்கிறார்கள். வெண்ணெய் நன்றாக இருக்கிறது என்றால் வடக்கின் படை வென்றது என்று பொருள், கெட்டுப்போய்விட்டது என்றால் தோற்றது. எஜமான்கள் கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. கொலம்பஸ் சந்தைக்கு வெண்ணெய் அனுப்பிய பெண் எழுதிய காட்சி என்று தெரிந்து படித்தால் அதில் ஒரு தனி ருசி இருக்கிறது. அந்தப் பாத்திரங்களின் பேச்சு உச்சரிப்பை அப்படியே எழுத்தில் தந்திருப்பதால் கண்ணுக்கு எழுத்துப்பிழை மாதிரி தெரியும். அகராதி உதவாது. சத்தமாகப் படியுங்கள், காதுக்குச் சொல் புரிந்துவிடும்.

இந்த நாவலைக் கறுப்பினப் பெண் எழுதிய முதல் நாவல் என்று பழைய நூல்கள் சொல்லும். ஹாரியட் வில்சனின் 1859 நாவல் 1980களில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த பிறகு அந்தக் கூற்று நிற்காது. ஹார்ப்பரே ஒரு சர்ச் பத்திரிகையில் அதற்கு முன் மூன்று நாவல்களைத் தொடராக எழுதியிருந்தார், 1869இலேயே தொடங்கி. யார் முதல் என்ற போட்டியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அவருக்கு அது தேவையில்லை.

தமிழில் சொல்லிப் பார்க்க விரும்பினால்

பிடித்துப்போனால் ஒரு கவிதையையாவது மொழிபெயர்க்கத் தோன்றும். 'பரி மீ' எடுத்துக்கொள்ளுங்கள், சிறியது. இரண்டு விஷயம் கவனிக்கவும். ஒன்று, அவர் காலத்தில் கறுப்பினத்தவரைக் குறிக்கப் பயன்பட்ட ஆங்கிலச் சொற்கள் சில இன்று புண்படுத்துபவை. கறுப்பினத்தவர் என்று எழுதுங்கள், மேற்கோளாக வரும் இடத்தில் மட்டும் அன்றைய சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அடிமை என்பதை வேலைக்காரர் என்று மென்மையாக்க வேண்டாம். இரண்டாவது, செய்யுள் நடைக்குப் போகாதீர்கள். நான் முதலில் மரபுக் கவிதையாகச் செய்து பார்த்தேன், எல்லாச் சொல்லும் கனமாகிவிட்டது. அவர் வரிகளில் பெரும்பாலானவை அன்றாடச் சொற்கள், அதனால் சிந்து, கும்மி மாதிரி நடக்கும் சந்தமே பொருந்துகிறது.

எழுதி முடித்ததும் ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு, தாளைக் கொடுக்காமல், ஒரே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். என் மொழிபெயர்ப்பை என் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வேட்டை நாய் வரியில் நிறுத்தச் சொல்லி, யாரைத் துரத்துது என்று கேட்டார். தப்பி ஓடினவங்களை அத்தை என்றேன். அதை முதலிலேயே சொல்லேன் என்றார். திரும்பிப் போய் அந்த வரியை மாற்றி எழுதினேன். உங்களிடமும் யாராவது எங்கேயாவது நிறுத்தி என்னது என்று கேட்பார்கள், அந்த வரியில்தான் வேலை பாக்கி இருக்கிறது.